என் கவனக்குறைவால் என்று தொடங்கும் கடிதங்கள்

திருநின்றவூர் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு மெத்தைக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் எங்கள் ஆபீஸ். காலையிலிருந்து சாயங்காலம் வரை அங்கே உட்கார்ந்து அடிபட்டவர்களின் கடிதங்களைப் படிக்கிறோம். தொழிற்சாலைகளில் கையோ காலோ போனவர்கள் மேலதிகாரிக்கு எழுதிய கடிதங்கள். யாரோ அவற்றைச் சேர்த்து, டைப் செய்து, பெயர் வருகிற இடங்களில் கறுப்புக் கட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். திரையின் இடது பக்கம் கடிதம் வரும். வலது பக்கம் ஒரு பட்டியல் இருக்கும். விபத்துக்கு என்ன காரணம் என்று எந்த வரி சொல்கிறதோ அந்த வரியை மஞ்சளாக்கிவிட்டு, பட்டியலில் அதற்கு ஏற்ற பெயரைத் தட்ட வேண்டும். இதற்கு டேக் போடுவது என்று பெயர். நாங்கள் போட்டதைப் பார்த்துப் பார்த்து ஒரு கம்ப்யூட்டர், பிறகு தானாகவே கடிதம் படித்துக் காரணம் சொல்லப் பழகிக்கொள்ளுமாம். எந்த ஊர் கம்பெனிக்காக என்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அந்தப் பட்டியலை ஆபீசில் எல்லோரும் மரம் என்போம். அடியில் ‘காரணம்’ என்று ஒன்றே ஒன்று. அதைத் திறந்தால் மனிதர், இயந்திரம், இடம், பொருள் என்று நாலு கிளை. மனிதரைத் திறந்தால் கவனக்குறைவு, பயிற்சியின்மை, விதிமீறல் என்று போகும். இயந்திரத்தைத் திறந்தால் பழுது, பராமரிப்பு இல்லை, பாதுகாப்பு நீக்கப்பட்டது என்று போகும். ஒவ்வொன்றுக்கும் கீழே இன்னும் குட்டிக் குட்டியாக இருக்கும். உலகத்தில் என்னென்ன இருக்கிறது, எது எதற்குள் அடங்கும் என்று யாரோ படித்தவர்கள் உட்கார்ந்து யோசித்துப் போட்டது. முதல் வாரம் எனக்கு அதைப் பார்க்கவே பிடித்திருந்தது. அந்தப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் ஓர் இடம் இருந்தது.

நான் பத்தாவது வரைதான் படித்தவள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு பிரஸ் ஷாப்பில், தகடு அடிக்கிற மெஷின்களுக்கு நடுவில், பதினொரு வருஷம் நின்றே வேலை பார்த்தேன். முட்டி போய்விட்டது. வீட்டுக்காரருக்கு இந்தப் பக்கம் ஒரு குடோனில் ஸ்டோர் கீப்பர் வேலை கிடைத்ததும் செவ்வாப்பேட்டைக்கு வீடு மாறி வந்தோம். ‘தமிழ் பிழையில்லாமல் படிக்கத் தெரிந்தால் போதும்’ என்று ஒரு நோட்டீசில் பார்த்துத்தான் இந்த வேலைக்கு வந்தேன். உட்கார நாற்காலி இருந்தது. அதைவிடப் பெரிய விஷயம், யாரோடும் பேச வேண்டியதில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மளிகைக் கடையில்கூட என் முறை வரும்வரை நின்று, வந்த பிறகும் பின்னால் இருப்பவரை முன்னால் விடுகிற ஆள் நான். என்னைப் போன்ற ஒருத்திக்கு இதைவிட நல்ல வேலை எங்கேயும் இல்லை என்று நினைத்தேன். அதை விட்டுவிடக் கூடாது என்பதுதான் எனக்கிருந்த ஒரே எண்ணம்.

விட்டுவிடுகிற மாதிரி ஆனது நாலாவது மாதம்.

அந்த மாதத்திலிருந்து ஒரு கடிதத்தை மூன்று பேருக்கு அனுப்பத் தொடங்கினார்கள். மூன்று பேரில் இரண்டு பேர் ஒரே டேக் போட்டால் அதுதான் சரி. மூன்றாவது ஆள் தப்பு. அந்த ஆளுக்கு அந்தக் கடிதம் சிவப்பாகிவிடும். வாரக் கடைசியில் சிவப்பு அதிகம் இருந்தால் பெயரே சிவப்பாகிவிடும். தொடர்ந்து மூன்று வாரம் பெயர் சிவப்பாக இருந்தால் நாற்காலி இல்லை. அப்படி ஆரம்பித்த முதல் வாரமே என் பெயர் சிவப்பானது.

டீம் லீடர் முப்பது வயது இருக்கும். நல்ல பையன்தான், கோபமாகப் பேசத் தெரியாது. கிண்டலாகத்தான் பேசுவார்.

“இன்னாக்கா, கதை படிக்க வந்தீங்களா, டேக் போட வந்தீங்களா? ஒரு லெட்டருக்கு இவ்ளோ நேரமா? அதுவும் செவப்பு!”

பக்கத்து சீட்டில் வேப்பம்பட்டிலிருந்து வருகிற பெண். பி.காம். முடித்தவள். ஒரு காதில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். அவள் பெயர் ஒருநாளும் சிவப்பானதில்லை. டீம் லீடர் நகர்ந்ததும் என் திரையை எட்டிப் பார்த்தாள்.

“யக்கா, நீ இன்னாத்துக்கு ஒவ்வொரு கிளையா தொறந்து தொறந்து பாத்துக்கினு கீற? மொத வரியப் படி. ‘என் கவனக்குறைவால்’னு போட்டுருக்குதா? கீபோர்டுல ஒண்ணத் தட்டு. அடுத்தது. போய்க்கினே இரு.”

“முழுசாப் படிக்க வேணாமா?”

“படிச்சா இன்னா தர்றான்? நாஷ்டாவா தர்றான்?”

எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. யோசித்துக் கட்டிய அந்த மரத்தை யாரும் இரண்டாவது கிளைக்கு மேல் திறந்ததே இல்லை. ஒன்று என்கிற பொத்தானை அழுத்தினால் கவனக்குறைவு விழும். கடிதங்களில் முக்கால்வாசி அந்த வார்த்தையோடுதான் தொடங்கும். ஆகவே எல்லோரும் ஒன்று. எல்லோரும் ஒன்று போட்டதால் ஒன்றுதான் சரி.

நான் ஏன் போடவில்லை என்றால், அந்த முதல் வரியை எழுதுவது யார் என்று எனக்குத் தெரியும்.

பிரஸ் ஷாப்பில் மெஷினுக்கு இரண்டு பட்டன் இருக்கும், இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் மேலே இருக்கிற அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் அச்சுக்கு அடியில் கை இருக்க முடியாது இல்லையா, அதற்காகத்தான் அப்படி. ஆனால் அப்படி அடித்தால் எண்ணிக்கை வராது. எண்ணிக்கை வர வேண்டும் என்றால் ஒரு பட்டனில் ஐஸ் குச்சியைச் செருகி, மேலே டேப் ஒட்டிவிடுவார்கள். பட்டன் அழுத்தினபடியே நிற்கும். ஒரு கையால் மெஷினை அடித்துக்கொண்டு இன்னொரு கையால் தகட்டை வைத்து எடுக்கலாம். ஷிப்டு தொடங்கும்போது சூப்பர்வைசரே டேப் சுருளை மணிக்கட்டில் வளையல் மாதிரி மாட்டிக்கொண்டு வருவார். ஆய்வுக்கு யாராவது வருகிறார்கள் என்றால் முந்தின நாளே எல்லாம் பிய்த்து எடுக்கப்பட்டு, பிசின்கூடத் துடைக்கப்பட்டுவிடும்.

கை போனால் லெட்டர் எழுத வேண்டும். லெட்டர் இல்லாமல் லீவு பாஸ் ஆகாது, ஆஸ்பத்திரிக்குக் கம்பெனிச் சீட்டு கிடைக்காது. அடிபட்டவருக்கு எழுதக் கை இருக்காது. என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால் சூப்பர்வைசர் என்னைத்தான் கூப்பிடுவார்.

“வாம்மா, உக்காரு. ‘ஐயா, என் கவனக்குறைவால்’னு ஆரம்பி. அப்பதான் மேல போவும். இல்லன்னா ஆயிரம் கேள்வி கேப்பானுங்க, பேஜாரு.”

அப்படி எத்தனை எழுதினேன் என்று எண்ணவில்லை. ஒன்று மட்டும் மறக்கவில்லை. பழவேற்காட்டுப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்திலிருந்து கம்பெனி வேனில் வருகிறவள். ஏரியில் மீன் குறைந்துபோய் வேலைக்கு வந்தவள். எனக்குப் பக்கத்து மெஷின். இரண்டு விரல் நுனி போய், கையில் துணி சுற்றி, துணி நனைந்துகொண்டிருந்தது. முதலுதவி அறையில் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். நான் ‘என் கவனக்குறைவால்’ என்று எழுதினதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“நான் எப்ப கவனமில்லாம இருந்தேன்? நீ பக்கத்துலதான நின்னுக்கினு இருந்த, நீ சொல்லு.”

சூப்பர்வைசர் என் பின்னால் நின்றார். நான் தொடர்ந்து எழுதினேன்.

“எழுது, எழுது. உன் கையெழுத்து அழகா கீது” என்றாள் அவள்.

அதற்குப் பிறகு எழுதின கடிதங்களில் நான் ஒரு வேலை செய்தேன். பெரிய தைரியம் ஒன்றும் இல்லை. முதல் வரி சொன்னபடி எழுதிவிட்டு, நடுவில் எங்கேயாவது ‘டேப் ஒட்டிய பட்டனில் வேலை செய்துகொண்டிருந்தபோது’ என்று நாலு வார்த்தை நுழைத்துவிடுவேன். சூப்பர்வைசர் முதல் வரியையும் கையெழுத்தையும்தான் பார்ப்பார். படிக்கிறவர்கள் யாராவது படித்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

இப்போது படிக்கிறவள் நான். திரையில் வந்த கடிதங்களிலும் அப்படியே இருந்தது. எந்தெந்த ஊர்க் கடிதங்களோ தெரியாது, ஆனால் முதல் வரி ஒரே வரி. ஐந்தாவது வரியிலோ ஆறாவது வரியிலோ, ‘கதவு சென்சார் கட் செய்திருந்ததால்’, ‘மூடி கழற்றியிருந்த பெல்ட்டில்’ என்று இருக்கும். என்னைப் போல் யாரோ ஒருத்தி எல்லா ஊரிலும் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். நான் ஐந்தாவது வரியை மஞ்சளாக்கி, இயந்திரத்தைத் திறந்து, ‘பாதுகாப்பு நீக்கப்பட்டது’ என்று போட்டேன். இரண்டாவது வாரமும் என் பெயர் சிவப்பானது.

அந்த வாரம்தான் மரத்தைச் சோதிக்க ஒரு மேடம் வந்தார். சென்னையில் ஆராய்ச்சி செய்கிறவர். இருபத்தெட்டு வயது இருக்கலாம். காட்டன் புடவை, முதுகில் பை. எல்லோரையும் நிற்க வைத்து, சிரித்த முகத்தோடு பேசினார்.

“நான் உங்கள செக் பண்ண வரல. இந்த ட்ரீய செக் பண்ண வந்திருக்கேன். இத நீங்க எப்படி யூஸ் பண்றீங்க, எங்க கஷ்டமா இருக்குன்னு பாத்தா, ட்ரீய சரி பண்ணலாம். பயப்படாதீங்க.”

மரத்தைச் சரி பண்ணலாம் என்று அவர் சொன்னது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒருவேளை முதல் வரிக்கென்று தனியாக ஒரு கிளை வைப்பார்கள், நானும் சிவப்பிலிருந்து தப்பிப்பேன் என்று தோன்றியது.

அவர் ஒவ்வொருவர் பக்கத்திலும் அரை மணி நேரம் உட்கார்ந்தார். போனில் ரெக்கார்டு போட்டுவிட்டு, டேக் போடும்போது மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். பக்கத்து சீட்டுப் பெண் கிரிக்கெட் கமெண்டரி மாதிரி சொன்னாள். “மேடம், இதோ படிக்கிறேன், கவனக்குறைவு, ஒண்ணு. அடுத்தது, கவனக்குறைவு, ஒண்ணு.” மேடமும் சிரித்துவிட்டார்.

என் முறை வந்தபோது என்னால் ஒரு வார்த்தைகூடச் சொல்ல முடியவில்லை. கடிதத்தைப் படித்தேன். முதல் வரியில் மவுஸ் நின்றது. கீழே போனது. மறுபடி மேலே வந்தது. அரை மணி நேரமும் ரெக்கார்டில் என் மூச்சுச் சத்தம்தான் பதிவாகியிருக்கும்.

“முதல் வரில ஏன் நிக்கிறீங்க? என்ன யோசிக்கிறீங்க?”

“தெரியல மேடம்.”

அவர் வற்புறுத்தவில்லை. சாப்பாட்டு நேரத்தில் நான் மொட்டை மாடிப் படியில் தனியாக உட்கார்ந்திருந்தபோது, டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ரெக்கார்டு இல்லை. என் டப்பாவிலிருந்து ஒரு துண்டு கருவாடு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். “நான் கேக்கறத தப்பா நெனச்சுக்காதீங்க, நீங்க ஒருத்தர்தான் முழு லெட்டரும் படிக்கிறீங்க. ஏன்?” என்றார்.

நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை. ஐஸ் குச்சியைச் சொன்னேன், டேப் சுருளைச் சொன்னேன், லெட்டர் இல்லாமல் லீவு இல்லை என்பதைச் சொன்னேன். அந்த முதல் வரியை நானே என் கையால் எழுதினதையும் சொன்னேன். துணி சுற்றின கையையும் சொன்னேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. மேடத்தின் கண் கலங்கியது. பொய்க் கலக்கம் இல்லை, பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

“இது ரொம்ப முக்கியம்க்கா. இத நான் கண்டிப்பா ரிப்போர்ட்ல கொண்டுவருவேன்.”

மேடம் என்று நான் கூப்பிட, அவர் என்னை அக்கா என்று கூப்பிட்டார். கீழே இறங்கும்போது என் முட்டிகூட வலிக்கவில்லை. டீம் லீடரிடமும் ஏதோ சொல்லியிருக்கிறார். மூன்றாவது வாரம் என் பெயர் சிவப்பாகத்தான் வந்தது, ஆனால் “ரிப்போர்ட் வரட்டும்க்கா, அதுவரைக்கும் உங்கள ஒண்ணும் பண்ணல” என்றார் டீம் லீடர்.

ரிப்போர்ட் வந்த அன்று எங்கள் எல்லோரையும் சுவர்ப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். ப்ரொஜெக்டரில் இங்கிலீஷில் வந்ததை மேடம் தமிழில் சொல்லிக்கொண்டு போனார். பெயர்கள் இல்லை, எல்லோருக்கும் நம்பர். ஒரு படத்தில் பதினேழு நீலப் புள்ளி ஒரே இடத்தில் ஈ மொய்த்த மாதிரி இருந்தன. தூரத்தில் தனியாக ஒரு சிவப்புப் புள்ளி.

“பொதுவா எல்லாரும் ட்ரீய ஒரே மாதிரி யூஸ் பண்றாங்க. அது நல்ல விஷயம். ஏழாம் நம்பர் மட்டும் தொடர்ந்து விலகி இருக்காங்க. அவங்களுக்கு இந்தத் துறையில முன் அனுபவம் இருக்கு. அதனால டெக்ஸ்ட்ல இல்லாத விஷயத்தையும் சேத்துப் படிக்கிறாங்க.”

திரையில் அந்த இடத்தில் இருந்த இங்கிலீஷ் வார்த்தையை எழுத்துக் கூட்டினேன். பயாஸ். பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் என்ன அர்த்தம் என்று கேட்டேன். “ஒரு பக்கமா சாயறது யக்கா” என்றாள். அப்புறம் அவளுக்கே புரிந்து, காதிலிருந்து பாட்டை எடுத்தாள்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “யாருப்பா அந்த ஏழாம் நம்பரு? ஒரு ஆட்டோகிராப் வாங்கிக்கறேன்!” எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே யாரும் என் பக்கம் திரும்பவில்லை. யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மேடம் கடைசியில் இரண்டு விஷயம் சொன்னார். கடிதம் எழுதினவரே ‘என்’ என்று சொல்லி ஒரு காரணம் எழுதியிருந்தால், அதைத்தான் காரணமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விதிப் புத்தகத்தில் தெளிவாகச் சேர்க்க வேண்டும். ‘பாதுகாப்பு நீக்கப்பட்டது’ என்கிற கிளையை ஒரே ஒருவர்தான் பயன்படுத்துகிறார், ஆகவே அதை எடுத்துவிட்டுப் ‘பழுது’க்குள் சேர்த்துவிடலாம்.

நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் முதல் வரியைப் பற்றி விதி என்று ஒன்றே வந்திருக்காது. மொட்டை மாடிப் படியில் நான் சொன்னதை வைத்துத்தான் அவர் அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்து அடைத்தார்.

மேடம் கிளம்பும்போது மெத்தைக் கடை வாசலில் நின்றிருந்தேன். அவராகவே கிட்டே வந்தார்.

“என் மேல கோவமாக்கா?”

“இல்ல மேடம்.” அப்புறம் எப்படியோ வந்துவிட்டது. “அந்த மொத வரி பொய்னு உங்களுக்குத் தெரியும் இல்ல?”

“எனக்குத் தெரியும்க்கா. நீங்க சொன்னது உண்மை. ஆனா படிக்கிற எல்லாருக்கும் அது தெரியாதே. எல்லாரும் ஒரே மாதிரி போட்டாத்தான் மெஷின் கத்துக்கும். நான் பாக்கறது உண்மையான்னு இல்ல, ஒத்துப்போறாங்களான்னு.” என் கையைப் பிடித்துக்கொண்டார். “ரிப்போர்ட் கடைசில உங்களுக்கு நன்றி சொல்லியிருக்கேன். ஏழாம் நம்பருக்குன்னு.”

ஆவடி பக்கம் போகிற ரயில் சத்தம் கேட்டு ஓடினார்.

மறுநாள் டீம் லீடர் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். இந்த முறை கிண்டல் இல்லை. “அக்கா, ரூல் வந்துடுச்சு. இந்த ஒரு வாரம்தான் என்னால இழுக்க முடியும். உங்களுக்கே தெரியும்.”

தெரியும். இந்த நாற்காலி போனால் இன்னொரு நாற்காலி எனக்கு இல்லை. நின்று செய்கிற வேலைக்கு முட்டி இல்லை, பேசிச் செய்கிற வேலைக்கு வாய் இல்லை. முதல் கடிதத்தைத் திறந்தேன். ‘என் கவனக்குறைவால்.’ கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கண் தானாகப் போனது. ‘மூடி இல்லாத’ என்று பாதி படித்துவிட்டேன். ஒன்றை அழுத்தினேன். பச்சை. அடுத்தது. அதற்கப்புறம் திரையின் கீழ்ப் பாதியைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். அது ஒன்றும் கஷ்டமில்லை. மூன்றே நாள்.

என் பெயர் பச்சையானது. பச்சையாகவே நின்றது. நிதானமாக, பிழையில்லாமல், விதிப் புத்தகத்தில் இருக்கிறபடி போடுகிற ஆள் என்று பெயர் வந்தது. பொங்கலுக்கு முன்னால் டீம் லீடர் எல்லோர் முன்னாலும் கை தட்டச் சொல்லி, இனிமேல் புதிதாகச் சேருகிறவர்களுக்கு வைக்கிற சோதனைக்கு அக்காவின் விடைகள்தான் விடைத்தாள் என்று அறிவித்தார். நான் போட்ட டேக்கோடு ஒத்துப்போனால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. அப்படிப்பட்ட விடைத்தாளுக்கு ஆபீசில் கோல்டு என்று பெயர். பக்கத்து சீட்டுப் பெண் “ஏழாம் நம்பரு கோல்டு ஆயிடுச்சு டோய்!” என்று கத்தினாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதை மறைக்க மாட்டேன், அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

போன மாதம் ஐந்து பேர் புதிதாக வந்தார்கள். நாலு பேர் காலேஜ் முடித்த பெண்கள். ஒருத்தி என் வயதுக்காரி. தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் பாகங்கள் அடுக்குகிற வேலை செய்தவளாம். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று இந்தப் பக்கம் வந்திருக்கிறாள். சோதனைக்கு அவளை என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

அவள் உதடு அசைய அசைய முழுக் கடிதத்தையும் படித்தாள். முதல் வரியில் நிற்கவே இல்லை. நாலாவது வரிக்கு வந்ததும் “ம்” என்று ஒரு சத்தம். பிறகு ஒவ்வொரு கிளையாகத் திறந்து தேடினாள். அவள் தேடுகிற பெயர் அங்கே இல்லை. கடைசியில் இயந்திரத்துக்குக் கீழே எதையோ தட்டினாள். சிவப்பு விழுந்தது.

என் பக்கம் திரும்பினாள். “யக்கா, இது தப்பு காட்டுது. ஆனா இது அடிபட்டவங்களா எழுதனது இல்ல, எழுத வச்சது. பாத்தாலே தெரியுதே.”

“மேல மொத வரில போட்டிருக்குதே.”

“அத எல்லாரும்தான் போடுவாங்க. போடலன்னா உடுவானுங்களா? நீ இன்னா, கம்பெனிப் பக்கமே போனதில்லையா?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். என்னை ஆபீஸ்காரி என்று நினைத்திருக்கிறாள். போயிருக்கிறேன் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். டீம் லீடர் இரண்டு நாற்காலி தள்ளி நின்றிருந்தார்.

“டெக்ஸ்ட்ல என்ன இருக்கோ அதத்தான் போடணும்” என்றேன். “ஒண்ணத் தட்டுங்க.”

அவள் திரைப் பக்கம் திரும்பினாள். தட்டினாள். பச்சை விழுந்தது. மிச்சமிருந்த கடிதங்களை அவள் படிக்கவே இல்லை, சும்மா ஒன்று, ஒன்று, ஒன்று என்று தட்டினாள். எல்லாம் பச்சை. சோதனையில் பாஸ். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மகள் வீட்டில் ஏதாவது விசேஷமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வாரக் கடைசியில் டீம் லீடர் அவள் பெயரைத் திறந்து என்னிடம் காட்டினார். அத்தனை பச்சைக்கு மேலே, அவள் முதலில் தட்டினதற்கு விழுந்த அந்த ஒரு சிவப்பு அப்படியே இருந்தது.

“இந்த செவப்ப இன்னாக்கா பண்றது? அவங்க இனிமே வரமாட்டாங்க போலக்குது. வெச்சிருந்தா டீம் ஸ்கோரத்தான் இழுக்கும்.”

“அழிச்சிடுங்க” என்றேன்.